கரியின் இயல்பை அளந்த கே.எஸ். கிருஷ்ணன்

சென்னை அடையாற்றை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் கார்பன் நானோகுழாய்களை உருவாக்கும் ஆய்வு மாணவர், உலையிலிருந்து எடுத்த கருந்தூளை முதலில் ஒரு லேசர் கருவியின் கீழ் வைக்கிறார். தூளின் மீது விழும் ஒளியில் மிகச் சிறு பங்கு, நிறம் சற்றே மாறிச் சிதறுகிறது. அந்தச் சிதறலைப் பிரித்து வரைந்தால், சென்டிமீட்டருக்கு 1,580 என்ற அலை எண்ணின் அருகே ஒரு முகடு எழும். கரியணுக்கள் தேன்கூட்டைப் போல ஒழுங்காக அமைந்திருப்பதன் அடையாளம் அது. 1,350-க்கு அருகே இன்னொரு முகடு எழுந்தால், அந்த ஒழுங்கில் எங்கோ குறை இருக்கிறது. 100-க்கும் 300-க்கும் இடையே தோன்றும் சிறு முகட்டைக் கொண்டு மெல்லிய குழாயின் விட்டத்தையே கணக்கிட்டுவிடலாம்.

இந்தச் சோதனையை உலகம் ராமன் நிறமாலை என்று அழைக்கிறது. ராமன் விளைவு கண்டறியப்பட்ட 1928-ஆம் ஆண்டில், கொல்கத்தா ஆய்வகத்தில் ராமனுடன் நின்று சோதனைகளைச் செய்தவர் தமிழகத்தின் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ். கிருஷ்ணன். ஹைட்ரஜனைக் கரிக்குள் சேமிக்க முயலும் இன்றைய ஆய்வுக்கு அவர் விட்டுச்சென்றது இது ஒன்று மட்டுமன்று. நானோகுழாயின் தாய்ப்பொருளான கிராஃபைட்டின் விசித்திரக் குணத்தைத் துல்லியமாக அளந்து சொன்னவர்களில் முதன்மையானவரும் அவரே. ஹைட்ரஜன் சேமிப்பைப் பற்றி அவர் எழுதியவரல்லர். அவர் மறைந்து முப்பது ஆண்டுகள் கழித்தே நானோகுழாய் உலகின் கவனத்துக்கு வந்தது. ஆயினும், இந்தத் துறை தடுமாறிய இடத்தையும் மீண்ட இடத்தையும் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கையைவிடப் பொருத்தமான வழிகாட்டி கிடைப்பது அரிது.

கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் 1898 டிசம்பர் 4 அன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பள்ளிக் கல்வி; பின்னர் மதுரை அமெரிக்கன் கல்லூரி; அதன்பின் சென்னை கிறித்தவக் கல்லூரி. அந்தக் கல்லூரி தாம்பரத்துக்குப் போனது 1937-இல்தான். கிருஷ்ணன் படித்த காலத்தில் அது உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, பாரிமுனையின் இரைச்சலுக்கு நடுவே இருந்தது. பட்டம் பெற்றபின் அங்கேயே வேதியியல் துறையில் செய்முறைப் பயிற்றுநராகச் சேர்ந்தார். மதிய உணவு இடைவேளையில் அவர் நடத்திய கலந்துரையாடல்கள் பெயர்பெற்றவை. இயற்பியல், வேதியியல், கணிதம் என எதைப் பற்றியும் யாரும் கேட்கலாம். வேறு கல்லூரி மாணவர்களும் வந்து அமர்ந்துகொள்வார்கள். பாடத்திட்டமோ தேர்வோ இல்லாத அந்த வகுப்பே அவருடைய ஆசிரிய வாழ்வின் தொடக்கம். இயற்பியலராகப் புகழ்பெற்ற ஒருவர் வேதியியல் மேசையிலிருந்து தொடங்கினார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பொருளைத் தூய்மைப்படுத்தாமல் அதைப் பற்றிப் பேசக் கூடாது என்ற பழக்கம் அங்கே கைவருவது.

1920-இல் அவர் கொல்கத்தா சென்றார். 1923-இல் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ராமனின் ஆய்வு மாணவரானார். அவருக்குத் தரப்பட்ட வேலை, திரவங்களில் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று அளப்பது. கேட்கும்போது எளிது; செய்யும்போது பொறுமையைச் சோதிப்பது. திரவத்தில் ஒரு தூசு மிதந்தாலும் அளவு கெட்டுவிடும். ஒவ்வொரு திரவத்தையும் காற்று நீக்கிய கண்ணாடிக் குடுவையில் மெல்ல மெல்ல, திரும்பத் திரும்ப வடித்தெடுக்க வேண்டும். அப்படி 65 திரவங்களை ஆராய்ந்து 1925-இல் அவர் கட்டுரை வெளியிட்டார். மூலக்கூறில் உள்ள எலெக்ட்ரான்கள் ஒளியின் மின்புலத்தால் எவ்வளவு எளிதில் அசைக்கப்படுகின்றன, எந்தத் திசையில் அதிகமாக, எந்தத் திசையில் குறைவாக என்பதே அந்த அளவீடுகளின் உட்பொருள்.

அந்தத் திரவங்களில் சிலவற்றில் ஓர் உறுத்தல் இருந்தது. சிதறிய ஒளியோடு, நிறம் மாறிய ஒரு மங்கல் ஒளியும் வந்தது. கிருஷ்ணனுக்கு முன்பே ராமனின் இன்னொரு மாணவரான கே.ஆர். ராமநாதன் தண்ணீரில் அதைக் கண்டிருந்தார். திரவத்தில் கலந்த ஏதோ மாசு ஒளிர்கிறது என்பதுதான் இயல்பான முதல் சந்தேகம். அந்தச் சந்தேகத்தை அவர்கள் நேர்மையாகத் துரத்தினார்கள். வடித்தார்கள், மீண்டும் வடித்தார்கள். மாசு குறைந்தும் அந்த ஒளி குறையவில்லை. 1928 பிப்ரவரியில் ராமனும் கிருஷ்ணனும் மீண்டும் அந்தக் கேள்விக்குத் திரும்பியபோது, அந்த மங்கல் ஒளி திசைப்பட்ட அதிர்வுடையது என்பது தெரிந்தது. மாசினால் வரும் சாதாரண ஒளிர்வு அப்படி இருப்பதில்லை. பாதரச ஆவி விளக்கின் கீழ் அது தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து நின்றது. அம்மாதத்தின் நாள்களைப் பற்றிக் கிருஷ்ணன் எழுதிவைத்த நாட்குறிப்பு, கண்டுபிடிப்பின் வரலாற்றை அறிய இன்றும் முதன்மை ஆவணம். 1928 மார்ச் 31 அன்று 'நேச்சர்' இதழில் வெளியான முதல் குறிப்பில் ராமன், கிருஷ்ணன் என இருவர் பெயரும் இருந்தன. 1930-இல் நொபெல் பரிசு ராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது.

பரிசைப் பகிர்ந்திருக்க வேண்டுமா என்ற விவாதம் நூறாண்டை நெருங்கியும் அவ்வப்போது எழுகிறது. ஒளிச்சிதறலைத் தன் வாழ்நாள் கேள்வியாக எடுத்துக்கொண்டு, ஆய்வுத் திட்டத்தை வகுத்து, மாணவர்களைச் சேர்த்து, கண்டதன் பொருளை உடனே உணர்ந்தவர் ராமன், இதில் ஐயமில்லை. ஆனால் ஆய்வகத்தின் இருட்டில் கண்ணைப் பழக்கிக்கொண்டு அந்த ஒளியைத் திரவம் திரவமாகப் பார்த்தவர் கிருஷ்ணன் என்பதிலும் ஐயமில்லை. கிருஷ்ணன் இதைப் பற்றி எந்தப் பொது மனக்குறையையும் வளர்த்தவரல்லர். கண்டுபிடிப்பின் சூடு ஆறாத அந்தக் கோடையில், மயிலாப்பூரிலிருந்து ராமனின் அண்ணன் மகன், கல்லூரி மாணவரான சந்திரசேகர் கொல்கத்தா ஆய்வகத்துக்குச் சென்றிருந்தார். பிற்காலத்தில் வானியற்பியலில் நொபெல் பெற்ற அவருக்குக் கிருஷ்ணனின் நட்பு அங்கேதான் வாய்த்தது.

1928 இறுதியில் கிருஷ்ணன் டாக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே இயற்பியல் துறையில் சத்யேந்திரநாத் போஸ் இருந்தார். ராமனின் நிழலிலிருந்து விலகிய கிருஷ்ணன் தனக்கென்று ஒரு கேள்வியைத் தேர்ந்துகொண்டார்: ஒரு படிகம் எல்லாத் திசைகளிலும் காந்தத்துக்கு ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா? அதற்கான கருவி எளியது. மெல்லிய குவார்ட்ஸ் இழையில் சிறு படிகத்தைக் கட்டித் தொங்கவிட்டு, சீரான காந்தப்புலத்தின் நடுவே நிறுத்துவார். இழையை மேலிருந்து மெல்ல முறுக்குவார். படிகம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். ஒரு கட்டத்தில் பிடி விட்டாற்போலச் சட்டென்று சுழன்றுவிடும். அந்தக் கட்டத்தில் இழை எத்தனை முறுக்கு ஏற்றிருந்தது என்ற கணக்கிலிருந்து, படிகத்தின் காந்தக் குணம் திசைக்குத் திசை எவ்வளவு மாறுகிறது என்று சொல்லிவிடலாம். செல்வம் கொழித்த மேலைநாட்டு ஆய்வகங்களும் இந்த முறையை ஏற்றுக்கொண்டன. படிகவியலில் பெரும்பெயர் பெற்ற கேத்லீன் லான்ஸ்டேல் 1936-இல் கிருஷ்ணனுடன் சேர்ந்து கட்டுரை எழுதினார்.

1933-இல் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகக் கொல்கத்தா திரும்பிய கிருஷ்ணன், கிராஃபைட்டைக் கையில் எடுத்தார். பென்சிலுக்குள் இருக்கும் அந்தக் கருப்புப் பொருள்தான். அதில் கரியணுக்கள் தாள் தாளாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வொரு தாளுக்குள்ளும் அணுக்கள் இறுகப் பிணைந்திருக்க, தாளுக்கும் தாளுக்கும் இடையே பிடிப்பு மிகத் தளர்வு. அதனால்தான் பென்சில் காகிதத்தில் வழுக்கி எழுதுகிறது. இந்த அடுக்கு அமைப்பு எலெக்ட்ரான்களை என்ன செய்கிறது என்பதைக் கிருஷ்ணனும் அவருடைய சக ஆய்வாளர் கங்குலியும் அளந்தார்கள். தாளுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் அமைந்தால், கிராஃபைட் அதை விலக்கும் வலிமை மற்றத் திசையைப் போலச் சுமார் 40 மடங்கு. மின்கடத்தலில் வேறுபாடு இன்னும் வியப்பானது. தாளின் வழியே மின்சாரம் உலோகத்தில் ஓடுவதுபோல் ஓடுகிறது. தாள் விட்டுத் தாள் தாவ வேண்டுமென்றால் தடை ஏறத்தாழ பத்தாயிரம் மடங்காகிறது. 1939-இல் 'நேச்சர்' இதழில் இந்த முடிவு வெளியானது. கிராஃபைட்டின் எலெக்ட்ரான்கள் ஒரு தளத்துக்குள் அலையும் இருபரிமாண வாயுவைப் போன்றவை என்ற புரிதலுக்கு அவர்கள் இருவரும் வந்துசேர்ந்தார்கள். அந்த ஒற்றைத் தாளைத் தனியே உரித்தெடுத்து 'கிராஃபீன்' என்று உலகம் கொண்டாடியது 2004-இல்.

அந்தத் தாளைச் சுருட்டினால் அதுவே நானோகுழாய். ஜப்பானின் சுமியோ இஜிமா 1991-இல் பல சுவர் கொண்ட குழாய்களையும், 1993-இல் ஒற்றைச் சுவர்க் குழாய்களையும் விவரித்தபின் ஆய்வுலகம் அதன்மீது பாய்ந்தது. அதன் பயன்களாகச் சொல்லப்பட்டவற்றுள் மிகக் கவர்ச்சியானது ஹைட்ரஜன் சேமிப்பு.

ஏன் அது வேண்டும் என்பதை நம் சமையலறையிலிருந்தே விளங்கிக்கொள்ளலாம். வீட்டுக்கு வரும் எரிவாயு சிலிண்டரில் 14.2 கிலோ எரிபொருள் இருக்கிறது. அதே சிலிண்டரைக் காலிசெய்து, சாதாரண அழுத்தத்தில் ஹைட்ரஜனை நிரப்பினால் 3 கிராம்கூடத் தேறாது. எடைக்கு எடை பார்த்தால் பெட்ரோலைப் போல மூன்று மடங்கு ஆற்றல் தரும் இந்த வாயு, இடத்துக்கு இடம் பார்த்தால் அத்தனை ஏழை. எனவே 700 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் அதைத் திணிக்கிறார்கள். அல்லது மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்குகிறார்கள். இரண்டும் செலவும் ஆபத்தும் மிக்கவை. பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல ஹைட்ரஜனைத் தன்னுள் வாங்கி, கேட்டபோது திருப்பித் தரும் ஒரு திடப்பொருள் கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. நுண்துளைக் கரி அத்தகைய பொருள் என்று தோன்றியது. ஒரு கிராம் கிராஃபீன் தாளின் இரு பக்கங்களையும் விரித்தால் பரப்பு 2,630 சதுர மீட்டர். சென்னைக் கணக்கில் ஏறக்குறைய 12 கிரவுண்டு. தியாகராய நகரில் அத்தனை மனை வாங்கும் விலையை நினைத்துப் பார்ப்பவர்களுக்கு, ஒரு கிராம் கரிக்குள் அது மடிந்துகிடக்கிறது என்பதன் அருமை புரியும்.

1997-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், நானோகுழாய் தன் எடையில் 5 முதல் 10 விழுக்காடு ஹைட்ரஜனை ஏற்கலாம் என்று மதிப்பிட்டனர். அவர்கள் சோதித்த கரித்தூளில் நானோகுழாயின் பங்கு ஆயிரத்தில் ஓரிரு பகுதிதான். மீதி கணக்கின் வழியே பெருக்கிப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு இன்னொரு குழு, கிராஃபைட் நானோ இழைகள் 67 விழுக்காடு வரை ஏற்பதாக அறிவித்தது. ஒரு கிலோ கரி, இரண்டு கிலோ ஹைட்ரஜன்! மீத்தேன் வாயுவில்கூட எடையில் கால் பங்குதான் ஹைட்ரஜன் என்பதைப் பள்ளி வேதியியல் படித்தவர் எவரும் அறிவர். 1999-இல் சிங்கப்பூரிலிருந்து, லித்தியமும் பொட்டாசியமும் சேர்த்த குழாய்கள் முறையே 20, 14 விழுக்காடு ஏற்பதாகச் செய்தி வந்தது.

பின்னர் தூய்மைப்படுத்தும் வேலை தொடங்கியது. ஹைட்ரஜனில் கலந்திருந்த ஈரப்பதத்தை நீக்கிவிட்டு அளந்தபோது, சிங்கப்பூர் எண்களின் பெரும்பகுதி மறைந்துபோனது. குழாய் ஏற்றது தண்ணீரை. குழாய்களை உடைக்கப் பயன்படுத்திய மீயொலிக் கருவியின் முனையிலிருந்து உதிர்ந்த டைட்டானியக் கலவையே ஹைட்ரஜனை உறிஞ்சியது என்று 2001-இல் ஜெர்மானியக் குழுவொன்று வேறொரு புதிரை அவிழ்த்தது. சாதாரண வெப்பநிலையில் தூய நானோகுழாய் ஒரு விழுக்காட்டைத் தாண்டுவதே கடினம் என்று தெரிந்தது. 2006-இல் அமெரிக்க எரிசக்தித் துறை, வாகனச் சேமிப்புக்குத் தூய ஒற்றைச் சுவர்க் குழாய்களைக் கைவிட முடிவெடுத்தது.

1920-களின் கொல்கத்தாவை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்காமலிருக்க முடியவில்லை. அங்கே ஒரு விந்தை தென்பட்டது. மாசு என்று சந்தேகித்து வடித்தார்கள். மாசு போயும் விந்தை நின்றது. இங்கேயும் ஒரு விந்தை தென்பட்டது; முதலில் அறிவித்தார்கள்; பிறகு மாசை நீக்கினார்கள்; விந்தை மாசோடு போய்விட்டது. இரண்டு கதைகளிலும் வேலை ஒன்றே, வரிசைதான் வேறு. அந்த வரிசை மாற்றத்தால் ஓர் அறிவியல் துறை பல ஆண்டுகளையும் பெரும் பொருளையும் இழந்தது.

கரி ஏன் ஏமாற்றியது என்பதற்கான விடையும் கிருஷ்ணன் இளமையில் அளந்த குணத்தில்தான் இருக்கிறது. ஹைட்ரஜன் மூலக்கூறில் இருப்பவை இரண்டே எலெக்ட்ரான்கள். அவை இறுகப் பிடிக்கப்பட்டவை, எளிதில் அசையாதவை. மூலக்கூறுகள் ஒரு பரப்போடு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஈர்ப்பு, எலெக்ட்ரான்கள் எவ்வளவு அசைந்துகொடுக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஆகவே கரித்தாளின் மீது ஹைட்ரஜன் அரைமனதாகவே ஒட்டுகிறது: ஒரு மோலுக்குச் சுமார் 5 கிலோஜூல். திரவ நைட்ரஜனின் மைனஸ் 196 டிகிரியில் அது போதும். சென்னையின் சித்திரை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் தங்க வேண்டுமென்றால் 15 கிலோஜூல் அளவுக்குப் பிடிப்பு தேவை. அதைவிட மிகவும் கூடினால், திருப்பித் தரக் கரி மறுக்கும்.

இந்த இடைவெளியை நிரப்பும் முயற்சியில் சென்னைக்குப் பங்குண்டு. ஐ.ஐ.டி.யின் வேதியியல் துறையில் எம்.வி.சி. சாஸ்திரி தொடங்கி ஹைட்ரஜன் ஆய்வுக்கு ஒரு மரபு இருக்கிறது. அங்கே பி. விஸ்வநாதனும் எம். சங்கரனும் கரித்தாளின் சில அணுக்களுக்குப் பதிலாகப் போரான், நைட்ரஜன் போன்ற வேற்றணுக்களை அமர்த்தி, ஹைட்ரஜனைப் பிடிக்கும் இடங்களை உருவாக்க முடியுமா என்று ஆராய்ந்து, 2000-களின் நடுவில் கட்டுரைகள் வெளியிட்டனர். கரி நானோபொருள்கள் ஹைட்ரஜன் சேமிப்புக்குத் தகுதியானவைதானா என்ற கேள்வியை 2003-லேயே ஒரு கட்டுரையின் தலைப்பாக வைத்தவர்களும் இவர்களே. உலகம் பெரிய எண்களைத் துரத்திய காலத்தில் அப்படிக் கேட்டது பாராட்டுக்குரியது. இயற்பியல் துறையில் எஸ். ராமபிரபுவின் குழு நானோகுழாய்களையும் கிராஃபீனையும் கொண்டு நெடுங்காலம் இந்த ஆய்வை நடத்தியது. வேறு திசையில், உலோக அணுக்களையும் கரிமச் சங்கிலிகளையும் கோத்துச் சாரம் கட்டியதுபோல் அமைக்கும் நுண்துளைப் பொருள்கள் எழுந்தன. 2025-ஆம் ஆண்டின் வேதியியல் நொபெல் அவற்றை உருவாக்கிய கிடகாவா, ராப்சன், யாகி ஆகிய மூவருக்கு வழங்கப்பட்டது.

கிருஷ்ணனின் பிற்கால வாழ்வில் பதவிகளும் விருதுகளும் நிறைந்தன. 1940-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1942 முதல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1946-இல் சர் பட்டம். 1954-இல் பத்ம பூஷண். 1958-இல் பட்நாகர் விருதின் முதல் பெறுநர். நாடு விடுதலை பெற்ற 1947-இல் புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். அந்தப் பதவி அவருடைய ஆய்வு நேரத்தைத் தின்றது. ஆனாலும் கிராஃபைட்டை அவர் விடவில்லை. 1952-இல் எஸ்.சி. ஜெயினுடன் சேர்ந்து, சூடேறிய கிராஃபைட்டிலிருந்து எலெக்ட்ரான்கள் ஆவியாக வெளியேறும் அளவை ஆராய்ந்து வெளியிட்டார். தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்த அவர், இலக்கியத்தை ஓய்வுநேரப் பொழுதுபோக்காகக் கருதியவரல்லர்.

அவருடைய இயக்குநர் பொறுப்பில்தான் அந்த ஆய்வகம் 1950-களின் தொடக்கத்தில் சூரிய அடுப்பு ஒன்றை வடிவமைத்தது. விறகும் சாணமும் எரியும் கிராமத்துக்கு அது விடிவு என்று நாடே பேசியது. அடுப்பு வேலை செய்தது, ஆனால் விற்கவில்லை. உச்சி வெயிலில் வெளியே நின்று சமைக்கவும், பொழுது சாய்ந்தபின் வேறு அடுப்பைத் தேடவும் எந்தக் குடும்பம் முன்வரும்? ஆய்வகத்தில் அளந்த வெப்பத்துக்கும் அடுக்களையின் நடைமுறைக்கும் இடையிலுள்ள தூரம் அப்போது தெரிந்தது.

2023-இல் மத்திய அரசு ரூ.19,744 கோடியில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்து, 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்று இலக்கு வைத்திருக்கிறது. 2025-இல் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் ஹைட்ரஜன் ரயில்பெட்டி சோதித்துப் பார்க்கப்பட்டது. அத்தகைய வண்டிகள் எரிபொருளை இன்றும் உயர் அழுத்த உருளைகளில்தான் சுமக்கின்றன. கரிக்குள் அடைக்கும் முயற்சி ஆய்வகத்தை விட்டு இன்னும் சாலைக்கு வரவில்லை. உற்பத்திக்குக் காட்டும் அவசரத்தில் பத்தில் ஒரு பங்கையேனும் சேமிப்பு அளவீடுகளைச் சரிபார்க்கும் பொது ஆய்வகங்களுக்குக் காட்டலாம் என்பது என் எண்ணம்.

கிருஷ்ணன் 1961 ஜூன் மாதம், 62-ஆம் வயதில், புது தில்லியில் காலமானார். சென்னை ஆழ்வார்பேட்டையில் சி.வி. ராமன் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. கிருஷ்ணன் பெயரில் உள்ள சாலை தில்லியில், அவர் உருவாக்கிய ஆய்வகத்தின் வாசலில் இருக்கிறது.